பாலக்கரையில் வைத்த பேனர்

— சம்மந்தின்னு மட்டும் கூப்புடாதீங்க வாத்தியாரே. கூப்புட்டா பேச்சு இத்தோட முடிஞ்சுது.

— தப்பா எடுத்துக்காதீங்க. பின்ன எப்பிடிக் கூப்புடுறது?

— ராஜமாணிக்கம்னு பேரு இருக்குது. வெளிய போர்டுலகூட போட்டிருக்குது, ராஜமாணிக்கம் செராமிக்ஸ்னு. படிச்சிட்டுத்தான உள்ள வந்தீங்க?

— படிச்சேங்க. இந்த வாசல மிதிக்கக் கூடாதுன்னுதான் இத்தினி நாளு இருந்தேன். நல்லூர்ல பஸ்ஸு ஏறச்சொல்லகூட என் சம்சாரம் வேணாம்னுதான் சொன்னா.

— நல்ல பொம்பள. அவங்க பேச்ச கேட்டிருக்கலாம். அந்தப் பொம்மைங்க மேல சாயாதீங்க, இன்னும் சூளைக்குப் போவல. கை ஒடிஞ்சிடும்.

— மன்னிச்சுக்குங்க. அயர்லாந்துல இருக்கற நம்ம புள்ளைங்க விஷயமா...

— உங்க புள்ள.

— சரிங்க. என் புள்ள இனியவனும் ப்ரியாவும் அங்க அடைக்கலம் கேட்டிருக்குதுங்க. ஊருக்குத் திரும்புனா உசுருக்கு ஆபத்து, அகதியா ஏத்துக்குங்கன்னு.

— அகதியா? கடல்ல படகு ஏறி வராங்களே, அந்த மாரியா?

— இதுங்க பிளேன்ல போனதுங்க. பேரு என்னமோ அதேதான்.

— இங்க எடம் இல்லாத கொறையா? மெட்ராஸ்ல போயி இருக்க வேண்டியதுதான, அவ்ளோ பெரிய ஊரு.

— அந்த ஊரு அதிகாரியும் இதையேதான் கேட்டாராம். உங்க நாடு பெருசாச்சே, வேற ஊருல போயி இருந்துக்கக் கூடாதான்னு. மெட்ராஸ்ல இருந்த ரூம்ப உங்க தம்பி மவன் பாண்டியன் தேடிக் கண்டுபுடிச்சு வந்து நின்னதத்தான் சொல்லியிருக்குதுங்க. புருஷன் பொண்டாட்டிய தனித்தனியா ஒக்கார வச்சு என்னென்னமோ கேட்டிருக்காங்க. உங்க சூளை எந்தத் தெசைய பாத்து இருக்குதுன்னுகூட.

— என் சூளைய பத்தி அவனுக்கு என்னா?

— ரெண்டு பேரும் ஒண்ணா சொல்றாங்களான்னு பாக்கத்தான். ப்ரியா கெழக்குன்னு சொல்லிச்சு. இவன் தெரியலன்னுட்டான். உள்ள விட்டிருந்தாத்தான தெரியும்.

— கெழக்குதாங்க. சரியாத்தான் சொல்லியிருக்குது எம்பொண்ணு.

— சொர்ணம், நீ உள்ள போ.

— வர்ணம் பூசிட்டிருக்கங்க. பாதியில வச்சா திட்டுத் திட்டா நிக்கும்.

— வாத்தியாரே, அப்பிடி ஒரு பொண்ணு எனக்கு இல்ல. அது செத்துப்போச்சு. தலை முழுவி, மணிமுத்தாத்துல கருமாதியும் பண்ணியாச்சு. மாசி மகத்துக்கு எள்ளும் தண்ணியும் விடறேன்.

— தெரியுங்க. பாலக்கரையில கண்ணீர் அஞ்சலி பேனரும் வச்சீங்க. இப்ப சிக்கலே அதுலதான்.

— என்னா சிக்கலு?

— அந்தப் பேனர் ஃபோட்டோவ புள்ளைங்க சாட்சியா குடுத்திருக்குதுங்க. உசுரோட இருக்கறப்பவே எங்கள எந்த நெலமையில வச்சிருக்காங்க பாருங்கன்னு. அதிகாரி ஆள வச்சுப் படிச்சுக் கேட்டுட்டு நம்ப மாட்டேன்னுட்டாரு. உசுரோட இருக்கற பொண்ணுக்கு எந்தத் தகப்பன் மாலை போட்ட படம் வைப்பான், நீங்களே அடிச்சு எடுத்தாந்த போலி பேனருன்னு எழுதிட்டாரு.

— போலியா?

— அப்பிடித்தாங்க எழுதியிருக்காரு.

— நான் வச்ச பேனரு போலியா? காத்துல ஒரு முனை அவுந்துச்சுன்னு நானே ஏணி போட்டு ஏறிக் கட்டுனேன். பாலக்கரையில எவன வேணாலும் வந்து கேக்கச் சொல்லுங்க.

— அவரு எங்கங்க பாலக்கரைக்கு வரப்போறாரு.

— படமும் நல்லால்லீங்க அதுல. ஸ்கூலு படிக்கச்சொல்ல எடுத்தது. வேற நல்லதா ஒண்ணு போடுங்கன்னேன், இவரு கேக்கல.

— சொர்ணம்.

— ஒண்ணும் சொல்லலீங்க.

— அப்பீலு போட்டிருக்குதுங்க. அதுவும் தோத்துப்போனா பிளேன் ஏத்தி அனுப்பிடுவாங்க. பேனர் வச்ச தகப்பனே நோட்டரிகிட்ட வந்து, நான்தான் வச்சேன், பொண்ணு உசுரோட இருக்குதுன்னு தெரிஞ்சேதான் வச்சேன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்தா நிக்கும்னு அங்க வக்கீலம்மா சொல்றாங்க.

— வச்சேன்னு போடுறேன். அதுல எனக்கென்னா வெக்கம். உசுரோட இருக்குதுன்னு போட மாட்டேன். ஊரக் கூட்டிச் செத்துப்போச்சுன்னு சொன்னவன் நான். எனக்குப் பேச்சு ஒண்ணுதான்.

— செத்த பொண்ணுக்கு வச்சா அது வெறும் அஞ்சலிங்க. உசுரோட இருக்கற பொண்ணுக்கு வச்சாத்தான் அது சாட்சி.

— இதத்தான் பள்ளிக்கூடத்துல சொல்லிக் குடுத்தீங்களா?

— தப்பா எடுத்துக்காதீங்க.

— அங்க ரொம்பக் குளிராங்க?

— ரொம்பங்கம்மா. ப்ரியாவுக்கு ஒதடெல்லாம் வெடிச்சுக் கெடக்குது. பழைய ஓட்டல் ஒண்ணுல ரூம்பு குடுத்திருக்காங்க, அடுப்பு பத்தவைக்க விட மாட்டாங்க. அவங்க குடுக்கறதத்தான் திங்கணும். ரொட்டிதானாம் பாதி நாளு.

— அதுக்கு ரசம் இல்லாம எறங்காதே.

— ஃபோன்லயும் அதத்தாங்க சொல்லிச்சு.

— என்னங்க. எதுனா சொல்லுங்களேன். அவரு எவ்ளோ நேரமா நிக்கிறாரு.

— உக்காருங்க வாத்தியாரே. அந்த ஸ்டூல இழுத்துப் போட்டுக்குங்க.

— பரவால்லீங்க.

— உசுரோட இருக்குதுன்னு போட்டுக்குங்க.

— ரொம்ப நன்றிங்க.

— நன்றியெல்லாம் வேணாம். அவ்வளவுதான?

— இன்னும் ஒண்ணு இருக்குதுங்க. திரும்பி வந்தா யாரால ஆபத்துன்னு பேரு சொல்லணுமாம். பாண்டியன் அருவாளோட எங்க வூட்டு வாசல்ல வந்து நின்னத தெருவே பாத்துச்சு. அவரு பேர...

— போடக்கூடாது.

— நடந்ததுதானங்க?

— நடந்தது எங்க குடும்பத்தோட இருக்கட்டும். அவனுக்கு இங்க பக்கத்து மங்களூர்ல பொண்ணு பாத்துட்டிருக்கோம். எங்க வம்சத்துப் புள்ள பேரு வெள்ளக்காரன் ஆபீஸ்ல கொலகாரன்னு ஏறக்கூடாது.

— பேரு இல்லாட்டி எடுபடாதுங்களே.

— என் பேரப் போடுங்க.

— உங்க பேரா?

— தகப்பன் ராஜமாணிக்கம்னு தெளிவா போடுங்க. அது இந்த மண்ண மிதிச்சா நானே வெட்டுவேன்னு எழுதுங்க. பூசி மெழுவாம, அந்த அதிகாரிக்குப் புரியற மாரி.

— என்னங்க பேசுறீங்க நீங்க?

— நீ வேலையப் பாரு சொர்ணம்.

— இத்தினி நாளா உங்கள வேற மாரி நெனச்சிட்டிருந்தேன். புள்ளைங்க அங்க நல்லா இருக்கணும்னு, தம்பி மவனையும் காட்டிக் குடுக்காம, தன் தலையிலயே இவ்ளோ பெரிய பொய்யத் தூக்கிப் போட்டுக்கறீங்களே.

— பொய்யின்னு யாரு சொன்னா வாத்தியாரே? அது வந்து இந்த வாசல்ல நின்னா ஊரே என் மூஞ்சிய பாக்கும். அப்ப என் கை என்னா செய்யும்னு எனக்குத் தெரியும். அதனாலதான் சொல்றேன், அத இங்க அனுப்பாத மாரி கெட்டியா எழுதுங்க.