லாயத்தில் படுத்தவன்

– அங்கியே நில்லு பாப்பா. உள்ள வராத. சாணி இன்னும் வாரல.

– வரலம்மா. மாட்டுக் கொட்டா வாசல்லயே நிக்கிறேன், போதுமா? நாளைக்குப் பரீட்சை. ஒரு கேள்விக்கு ஆன்சர் சொல்லிப் பாக்கணும். நீ கேட்டாப் போதும்.

– உங்கப்பாகிட்ட சொல்றதுதான?

– அவரு தவிடு புண்ணாக்கு வாங்க பாகூர் போயிருக்காரு. இருந்தாலும் உங்கிட்டதான் சொல்லுவேன். நீ இங்க இல்லாத ஆறு வருஷம் யாருகிட்டயும் சொல்லிப் பாக்காமதான படிச்சேன்.

– சரி, சொல்லு. இன்னா கதை?

– ஒருத்தன் கப்பல்ல போறான். ஒவ்வொரு வாட்டியும் கப்பலுக்கு எதுனா ஆயி, ஒவ்வொரு நாட்டுல ஒதுங்குறான். மொத நாட்டுல எல்லாரும் சாண் ஒசரம். அந்த ஒசரத்துலயே ராஜா, மந்திரி, பதவிச் சண்ட.

– நம்ம கோயில் கமிட்டியாட்டம்னு சொல்லு.

– ஆங், அதான் நையாண்டி! வெளியூரச் சொல்றாப்போல சொல்லி உள்ளூர குத்துறது. ரெண்டாவது நாட்டுல எல்லாரும் பனமரம் ஒசரம். அங்க இவன்தான் சாண். பொட்டிக்குள்ள பொம்மையாட்டம் வச்சிருக்காங்க. கிட்டக்க பாத்தா அவங்க தோலுல இருக்குற ஓட்டை, மயிரு எல்லாம் பெருசா தெரியுது. அருவருப்பா இருக்குது இவனுக்கு. ஒரே மனுஷன சிறுசாக்கிக் காட்டி, பெருசாக்கிக் காட்டி, மானத்த வாங்குறாரு எழுதுனவரு.

– அது நெசந்தான். காலப் புடிச்சி அமுக்குறவளுக்குத்தான் தெரியும், பெரிய மனுஷி காலு எப்படி இருக்கும்னு.

– குவைத்துலயாம்மா?

– மாட்டுக்குத் தண்ணி காட்டணும். மேல சொல்லு.

– கடைசியா ஒரு நாடு. அங்க குதிரைங்கதான் பெரிய மனுஷங்க. பொய்யின்னு ஒரு வார்த்தையே அதுங்க பாஷையில கெடையாது. மனுஷங்கதான் அங்க மிருகம், அழுக்கா, நாறிக்கினு திரியுதுங்க. இவன் குதிரைங்களோடயே இருந்து, மனுஷன்னாலே குமட்டுற நெலமைக்கு வந்துடுறான். வூட்டுக்குத் திரும்புறான். பொண்டாட்டி ஓடியாந்து கட்டிப்புடிக்கிறா. நாத்தம் தாங்காம மயக்கம் போட்டு விழுறான்.

– அடப்பாவி.

– அப்பறம் மூக்க அடச்சிக்கினு, குதிரை லாயமே கதின்னு கெடக்குறான். பொண்டாட்டி புள்ளைங்களோட உக்காந்து சாப்புடக்கூட அவனால முடியல. கேள்வி இன்னான்னா, எழுதுனவரு இங்க யாரக் கிண்டல் பண்றாரு? பதினஞ்சு மார்க்.

– இதுல கிண்டல் எங்கடி இருக்குது? அந்தப் பொண்டாட்டி இன்னா சொன்னா?

– அவளா? ஒண்ணும் சொல்லல. புத்தகம் பூரா தேடிட்டேன், அவ வாயால ஒரு பேச்சு இல்ல. கதைய சொல்றவன் அவன்தான? அவன் மூக்கு சொல்றததான் நாம நம்பணும். அப்படி நம்பக்கூடாத ஆள கதை சொல்ல வுடுறதுதான் இதுல டெக்னிக்.

– ஏன்யா இப்படி பண்றன்னு ஒரு வார்த்த கேட்டிருக்கலாம் அவ.

– அதான் நான் கேக்குறேன்.

– இன்னாத்த?

– சித்திரையில வந்த. இப்ப ஆடி. ஒரு நாளு வூட்டுக்குள்ள படுத்தியா? சோத்த வாங்கிக்கினு இங்க வந்து துன்ற. நான் பக்கத்துல வந்தா நவுந்துக்குற. இப்பக்கூட உள்ள வராதன்னு சொல்ற. பங்களாவுல இருந்துட்டு வந்தவளுக்கு எங்க வூடு, எங்க நாத்தம் புடிக்கலன்னா சொல்லிடும்மா. எங்கள பாத்தா உனக்குக் குமட்டுதா?

– ஐயோ, பாவி மவளே! உங்க நாத்தமா?

– பின்ன?

– என் நாத்தம்டி.

– இன்னாம்மா சொல்ற?

– அந்த வூட்டம்மா மூக்கப் புடிச்சிக்கினுதான் எங்கிட்ட பேசும். போன அன்னிக்கே சொல்லிடுச்சி, உன்மேல நாத்தம் அடிக்குது, போயி குளின்னு. குளிச்சேன். இன்னும் அடிக்குதுன்னுச்சி. தலைக்கு எண்ண வைக்கக் கூடாது, மஞ்சா பூசக் கூடாது. மருந்துத் தண்ணி ஊத்தித் தேய்க்கணும், காலையில ஒரு வாட்டி, சாங்காலம் ஒரு வாட்டி. தோலு உரிஞ்சி எரியும். தட்டு தனி, டம்ளரு தனி, சோறு வெளியில. அந்த வூட்டுப் புள்ளைய இடுப்புல தூக்கி வளத்தவ நானு. பேச்சு வந்ததும் அதுவும் என்னப் பாத்து மூக்கத்தான் புடிச்சிது. இக்கரைக்கு அக்கரை பச்சன்னு போனவ, நாறிப்போயி வந்துட்டேன் பாப்பா. மாட்டுகிட்ட இருந்தா, மாட்டு நாத்தம்னு நெனச்சிக்குவாங்கல்ல?

– எவளோ சொன்னத நம்பிக்கினு மூணு மாசமா இங்க கெடக்குறியா? நீ நாறலம்மா. சத்தியமா நாறல.

– சும்மா சொல்லாத. அவ மட்டும் சொல்லியிருந்தா, போடின்னு அங்கியே வுட்டுட்டு வந்திருப்பேன்.

– வேற யாரு சொன்னா?

– நீதான்.

– நானா?

– வாயால சொல்லல. ஏர்போர்ட்ல ஓடியாந்து கட்டிப்புடிச்ச. கழுத்துல மூஞ்சிய வச்சி ஒரு மூச்சு இழுத்த. ஒடனே மூஞ்சத் திருப்பிக்கினு போயி உங்கப்பா பின்னால நின்னுக்கின. கார்லயும் எம் பக்கத்துல உக்காரல. நான் பாத்துக்கினுதான இருந்தேன்.

– யம்மா...

– அழுவாதடி. உன்மேல தப்பு இல்ல. தாயா இருந்தாலும் நாறுனா நாத்தந்தான?

– நீ போனதுலேர்ந்து உன் பழைய பொடவய மூஞ்சில போட்டுக்கினுதான் தூங்குனேன். எண்ணையும் மஞ்சாளும் வேர்வையுமா ஒரு நாத்தம் அடிக்கும் அதுல. போயிடப்போவுதுன்னு யாரையும் தொவைக்க வுடல. அந்த நாத்தத்த தேடித்தாம்மா அன்னிக்கு உங் கழுத்துல மூச்சு இழுத்தேன். உன்மேல ஒண்ணுமே அடிக்கல.