கடைசி பெஞ்சு

— ...அதுக்கு ஏன் அத்தை நூத்திப் பன்னெண்டு படி ஏறணும்? நாளைக்கு ஞானஸ்நானத்துக்கு எல்லாரும் பின்பக்கமா கார்லதானே வரப்போறோம்?

— நாளைக்குக் கூட்டத்துல என்னத்தப் பார்க்கிறது மாப்பிள்ளை? முந்நூறு வருஷத்து மாதா கோயில். நிதானமாப் பார்க்க வேண்டாமா?

— உங்க மக ரூம்ல குழந்தையோட தனியா இருக்கா...

— ரெண்டும் தூங்குது. உங்களுக்குத்தான் மூச்சு வாங்குது, அதுக்குச் சாக்குத் தேடறீங்க. லாரிக்கு அடியில படுத்துக்கிட்டே வேலை பார்த்தா இப்படித்தான். முப்பது வருஷம் கிளாஸ்ல நின்னுக்கிட்டே இருந்தவ நான்!

— சரிங்க ஹெட்மிஸ்ட்ரஸ்.

— கிண்டலு... தலையக் குனிங்க, குனிங்க! கதவு சின்னது. உள்ள ஒரு படி இறக்கம், பார்த்து. என்ன முழிக்கிறீங்க?

— ஒண்ணுமில்ல. முதல் தடவையா வர்றீங்களேன்னு...

— பழைய கோயில்னா அப்படித்தானே கட்டுவாங்க. எல்லாம் ஒரு ஊகம்தான்.

— ஓஹோ.

— அந்த ஓஹோவெல்லாம் வேண்டாம். மேல பாருங்க, என்னா உசரம்!

— கூரையில ஒரு ஆணி கிடையாது அத்தை. மரத்துக்கு மரம் முளை அடிச்சே கோத்திருக்காங்க. நானும் ஒவ்வொரு தடவையும் அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலிக்கிறதுதான் மிச்சம்.

— வெயில் நேரா பீடத்து மேல விழுது... மனசு நிறைஞ்சிருக்கு மாப்பிள்ளை.

— அப்ப முன்னால வந்து உட்காருங்க. நாளைக்கு உங்க இடம் இதுதான். நீங்கதான் குழந்தையத் தூக்கிப் பிடிக்கணும்னு அவ ஒத்தைக் கால்ல நிக்கிறா.

— அதைச் சொல்லத்தான் உங்களத் தனியாக் கூட்டிட்டு வந்தேன். நான் பின்னாடியே இருந்துக்கறேன்.

— ஏன்?

— இதே கோயில்ல நடந்த கல்யாணத்துக்கு வராதவ, பேரனுக்கு மட்டும் முன்னால வந்து நின்னா... பார்க்கிறவங்க என்ன நினைப்பாங்க?

— எந்தப் பார்க்கிறவங்க?

— சரி... எனக்கே உறுத்துது. போதுமா? போயும் போயும் ஒரு மெக்கானிக்குக்கான்னு மூணு வருஷம் முகங்கொடுத்துப் பேசாதவ நான்.

— மூணேகால்.

— கணக்குல மட்டும் கரெக்டா இருங்க!

— அதெல்லாம் முடிஞ்ச கதை அத்தை. இப்ப நான் காபி போட்டாத்தான் உங்களுக்கு இறங்குது.

— காபி நல்லாத்தான் போடறீங்க. கோட்டுதான் போடத் தெரியாது. நாளைக்காவது சுவத்துல சாயாம நில்லுங்க. அன்னைக்கு முதுகு முழுக்க ஒரே சுண்ணாம்பு...

— கல்யாணத்தன்னைக்கா? அது உங்களுக்கு எப்படித் தெரியும்?

— அ... அவதான் சொன்னா.

— அவ என் பக்கத்துல நின்னா. முதுகை எங்க பார்த்தா?

— அப்ப போட்டோவுல...

— போட்டோ எல்லாம் முன்னாலேர்ந்து எடுத்தது. கோட்டக் கழட்டினப்பதான் எனக்கே தெரியும். நானே துவைச்சுட்டேன். ஒருத்தர்கிட்டயும் சொல்லல. தண்ணி வேணுமா அத்தை?

— வேண்டாம்... வந்தேன் மாப்பிள்ளை. அதோ, அந்தத் தூணுக்குப் பின்னால, கடைசி பெஞ்சு. முக்காடு போட்டுக்கிட்டு...

— முன்னால வந்திருக்கலாமே.

— எந்த முகத்த வச்சுக்கிட்டு? வாசப்படி மிதிக்க மாட்டேன்னு சொன்ன வாயி. ரோஷம்... ஆசீர்வாதம் முடிஞ்சதும் ஓடிட்டேன். அவ திரும்பித் திரும்பி வாசலையே பார்த்தா தெரியுமா? இதை அவகிட்ட எப்படிச் சொல்லுவேன்?

— இப்ப என்கிட்ட சொன்ன மாதிரியே.

— கோவிச்சுக்க மாட்டாளா?

— கோவிச்சுக்குவா. ஒரு பாட்டம் அழுவா. அப்புறம் குழந்தைய உங்க மடியில போட்டுட்டு, பால் புட்டியக் கையில குடுத்துட்டுத் தூங்கப் போயிடுவா.

— ஹூம்... அவளைத் தெரிஞ்சுதான் வச்சிருக்கீங்க. சரி. இறங்கினதும் சொல்லிடறேன். நாளைக்கு முன்னாலேயே நிக்கிறேன்.

— அப்படிப் போடுங்க!

— என்ன இருந்தாலும் அன்னைக்கு மாதா என்னக் கைவிடல. வழியில மண்சரிவு, பஸ் முக்கால் மணி லேட்டு. எல்லாம் முடிஞ்சிருக்கும்னு அழுதுக்கிட்டே படியேறி வர்றேன்... பார்த்தா, இன்னும் ஆரம்பிக்கவே இல்ல! மோதிரத்தக் காணோம்னு நீங்க ஜன்னலோரமா நின்னு ஒவ்வொரு பையாத் துழாவிக்கிட்டு இருக்கீங்க. கல்யாண மோதிரத்தக்கூடப் பத்திரமா வச்சுக்கத் தெரியாத ஆளான்னு அப்பவும் திட்டினேன்.

— மோதிரம் என் உள்பையிலேயேதான் இருந்துச்சு அத்தை. கீழேர்ந்து ஒரே ஒரு பஸ்ஸு. நீங்க வருவீங்களா மாட்டீங்களான்னு தெரியாது... வந்தா அதுலதான் வரணும். முக்காடு போட்ட ஒருத்தங்க அந்தத் தூணுக்குப் பின்னால வந்து உட்கார்ந்தப்புறம்தான், கிடைச்சிருச்சுன்னு சொன்னேன்.