யாளியைச் சுரண்டிய காசு

என் மைத்துனனின் சுதந்திரம் எனக்கு ஒரே ஒரு காசுக்குக் கிடைத்தது. அந்தக் காசும் செலவாகவில்லை. சுரண்டி முடித்ததும் துடைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். இதோ, பாருங்கள்.

அட்டைச் சண்டைச் சங்கத்தின் செயலாளர் நீங்கள், வீடு தேடி வந்திருக்கிறீர்கள். நேற்று வரிசையாக நாலு பேருடைய மிருகங்களை முதல் அடியிலேயே கொன்றது என் தவறுதான். கை சும்மா இருக்கவில்லை. ஆனால் நீங்கள் கேட்க வேண்டியது போன வருஷத்து ஆட்டத்தைப் பற்றி.

ஆட்டம் நான் புரிந்துகொண்டது இவ்வளவுதான். அட்டைக்கு ஒரு மிருகம், மிருகத்தின் உடம்பில் ஒன்பது வெள்ளிப் பொட்டுகள். எதிராளி காசால் ஒன்றைச் சுரண்டுவான். அடியில் தழும்பு இருந்தால் மிருகம் பிழைத்தது. சிவப்பு இருதயம் இருந்தால் செத்தது, அட்டையைக் கிழித்துவிட வேண்டும். ஓர் அடி வாங்கியும் உயிரோடிருக்கும் அட்டைக்கு, சுரண்டாததைப் போல இரண்டு மடங்கு விலை. அடிபட்ட துணியைத் தள்ளுபடியில் தள்ளிவிடும் எனக்கு இந்த வியாபாரம் விளங்கவே நாளாயிற்று.

மைத்துனனிடம் வெண்சிறகு யாளி இருந்தது. நகம்கூடப் படாதது. பள்ளிக்கூடம் முடித்த நாளிலிருந்து என் துணிக்கடையில் நிற்பவன், ஒருநாள் வந்து சொன்னான்:

"அத்தான், யாளிய ஒருத்தர் கேக்குறாரு. வித்துட்டுத் துறைமுகத்துப் பக்கம் சொந்தமா கடை போடப் போறேன்."

"போடு மாப்ள. உன்ன யாரு புடிச்சு வச்சிருக்கா?"

மனமாரத்தான் சொன்னேன். அன்று மாலை, அவன் இடத்துக்கு வேறு ஆள் வைத்தால் என்ன சம்பளம் ஆகும் என்று விசாரித்தேன். தொகையைக் கேட்டதும் அவன்மேல் பாசம் பொங்கிவிட்டது. வெள்ளந்தியானவன். தனியாகக் கடை போட்டால் ஊரே அவன் தலையில் மிளகாய் அரைத்துவிடும். வெளியாட்கள் அரைப்பதைப் பார்த்துக்கொண்டிருக்க எனக்கு மனம் வரவில்லை.

மலிவு அட்டைகளாக வாங்கி, மதியத் தூக்கத்தை விட்டுப் பழகினேன். "ஏங்க, இந்த வயசுல பொம்ம ஆட்டமா?" என்று மனைவி சிரித்தாள். துணியைக் கட்டைவிரலால் தடவியே நூலில் என்ன கலப்பு என்று சொல்பவன் நான். இருதயத்துச் சிவப்பு மை கொஞ்சம் கெட்டி, அதன்மேல் பூசிய வெள்ளி மயிரிழை மேடாக நிற்கும். கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத் தெரியும். தொடக்கூடாதென்று உங்கள் விதிகளில் எங்கும் இல்லை, தேடிவிட்டேன். தொட்டுப் பார்க்காமல் துணி எடுப்பவர் உண்டா?

பிறகு அவனிடம் பேச்சுக் கொடுத்தேன்.

"மாப்ள, இப்படியே வித்தா ஒரு கடை. ஒரு தழும்போட வித்தா கடையும் மாடில வீடும். ஒன்பதுல ஒண்ணுதானே இருதயம்? என்கூட ஒரே ஒரு அடி ஆடு. எனக்குக் காசப் புடிக்கவே தெரியாது."

"நீங்கதானே அத்தான். சரி" என்றான். வேறு யார் கேட்டிருந்தாலும் சம்மதித்திருக்க மாட்டான். அதில் எனக்கு இன்றைக்கும் பெருமை உண்டு.

சங்கத்தில் யாளியை என் முன்னால் வைத்தான். "அடேயப்பா, என்ன வழவழப்பு" என்று தடவினேன். இடது சிறகடியில் மேடு தட்டுப்பட்டது. உடனே போகவில்லை. மூக்கு, வால், முதுகு என்று காசை அலையவிட்டேன்.

"சீக்கிரம் அத்தான், ஏதாவது ஒண்ணுல போடுங்க."

சுரண்டினேன். சிவப்பு.

நீங்கள்தான் "புதுசா ஆடுறவங்க கைராசி, விடுப்பா" என்று அவன் முதுகைத் தட்டினீர்கள். அவன் கையாலேயே கிழித்தான். கோணலாகக் கிழிந்தது. துணியென்றால் நூல் பிடித்து நேராகக் கிழிப்பான், நான் பழக்கியது. "நீங்க என்ன பண்ணுவீங்க அத்தான், எல்லாம் என் தலையெழுத்து" என்று அவன்தான் எனக்கு ஆறுதல் சொன்னான். மறுநாள் கடைக்கு வந்துவிட்டான். இன்றைக்கும் வருகிறான்.

அவனிடம் சொல்லப் போகிறீர்களா? சொல்லுங்கள். நம்ப மாட்டான்.

கணக்கையும் பார்த்துவிடுங்கள். அவன் பக்கம் போனது ஒரு யாளி. கடையும் மாடி வீடும் வெறும் பேச்சு, அதைப் பற்று எழுத முடியாது. என் பக்கம் மலிவு அட்டைகளின் செலவு, கெட்டுப்போன மதியத் தூக்கம், அன்று அவனைத் தேற்ற வாங்கிக் கொடுத்த குளிர்பானம். அட்டைச் செலவை அவன் சம்பளத்தில் மாதாமாதம் கொஞ்சமாகப் பிடித்துவருகிறேன், இன்னும் பாதி நிற்கிறது. குளிர்பானத்தை மட்டும் தள்ளிவிட்டேன். சொந்தக்காரனிடம் போய்க் காசு பார்க்கலாமா?