பனைமரத்துக்கு முன் ஊதிய விசில்

“கண்ணு போச்சுடி. இனிமே ப்ளேன் வுட மாட்டேன்.”

வில்லியனூரிலிருந்து பாகூர் போகும் பஸ்ஸில், முன் சீட்டுக்காரர் தன் மனைவியிடம் சொன்னார். அவர் மடியில் ரிமோட்டில் ஓட்டும் சின்ன விமானம் ஒன்று, இறக்கையைக் கழற்றித் துணியில் சுற்றி இருந்தது. இன்ஜின் கிடையாதாம், மலைச்சரிவில் ஏறிவரும் காற்றிலேயே பறக்குமாம். அப்படி ஒரு பந்தயத்தில் தோற்றுத் திரும்புகிறார்கள்.

“ரெண்டு பக்கமும் போட்ட எல்லைக் கோட்டைத் தாண்டித்தான் ப்ளேனைத் திருப்பணும். நான் மூணு தபா முன்னாடியே திருப்பிட்டேன்.”

“கண்ணு நல்லாத்தான் இருக்கு மாமா. ஏரிக்கரைல நீ பழகறப்ப, ப்ளேன் கோட்டைத் தாண்டினா விசில் ஊதறது நான்தானே? கொஞ்சம் முன்னாடியே ஊதிடுவேன். உன் கை அதுக்கே பழகிப்போச்சு.”

“ஏன்டி அப்படி?”

“கோட்டுக்கு அந்தாண்ட பனமரம் இருக்குதே.”

“மோதினா இன்னா? ரெக்கைய ஒட்டிக்க மாட்டனா?”

“ரெக்கைய ஒட்டிப்ப. போன வருஷம் மரத்துல மாட்டின ப்ளேன எடுக்க ஏறி வுழுந்தியே, உன்ன யாரு ஒட்டறது?”

அவர் மனைவி பக்கம் திரும்பினார்.

“இனிமே மரத்துல ஏற மாட்டேன். தாண்டின பொறவு ஊது.”

“ப்ளேன் மேல சிக்கிக்கிச்சுன்னா?”

துணியைச் சரிசெய்துகொண்டே சொன்னார்.

“அங்கயே கெடக்கட்டும்.”