முழுச் சட்டை

சட்டையைக் கால்சட்டைக்குள் செருகிக்கொள்ளும் பழக்கம் எனக்கு இல்லை. இதற்காக என் மனைவி லொரெய்ன் முப்பது வருடமாக என்னோடு மல்லுக்கு நிற்கிறாள். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்திலும் சரி, மகள் கல்யாணத்திலும் சரி, என் சட்டையின் வால், அந்தப் பின்பக்கக் கீழ்த்துணி, வெளியேதான் தொங்கியது. ஏன் என்று விசாரணையில் நீங்கள் கேட்கவில்லை. ஆனால் அதை விட்டுவிட்டு மற்றதைச் சொல்ல முடியாது. எழுதிக்கொள்ளுங்கள்.

எங்கள் வேட்டை முகாமில் ஒன்பது பேர். பென்சில்வேனியா மலைக்காட்டில் ஒரு மரக்குடில், ஒரு விறகடுப்பு, ஒன்பது கட்டில்கள். மான் பருவம் தொடங்குவதற்கு முந்தின நாள் வந்து சேர்வோம். மானைச் சுட்டுக் குறி தவறியவன் அன்று சாயங்காலம் எல்லார் முன்னாலும் எழுந்து நிற்க வேண்டும். முகாமுக்கு மூத்தவரான டெல்மர் கத்தியை எடுத்து அவன் சட்டையின் வாலை அறுப்பார். பெயரும் வருடமும் எழுதி அடுப்புக்கு மேலே சுவரில் ஆணி அடிப்பார். இந்தப் பக்கத்து முகாம்களில் எல்லாம் இருக்கிற வழக்கம்தான். எங்கள் சுவரில் நாற்பத்தேழு துண்டுகள் இருந்தன. மெர்ல் ஹாஸ்டெட்லர் என்ற என் பெயர் அவற்றில் ஒன்றிலும் இல்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை, விவரத்துக்காகச் சொல்கிறேன்.

விர்ஜில் ஷாங்கின் பெயர் ஒன்பது துண்டுகளில் இருந்தது. பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவன், நல்ல மனிதன். எதிரில் யானையைக் கட்டி வைத்தாலும் விர்ஜில் பக்கத்து மரத்தைத்தான் சுடுவான் என்று டெல்மர் கேலி செய்வார். விர்ஜில்தான் முதலில் சிரிப்பான். ஒரு மனிதனால் அப்படி எப்படிச் சிரிக்க முடிகிறது என்று எனக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.

அந்த ஒன்பதில் ஒன்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1998. நான் முகாமில் சேர்ந்து நான்காவது வருடம். விர்ஜிலும் நானும் ஒரே மேட்டில் உட்கார்ந்திருந்தோம். நாற்பது அடி தூரத்தில், எட்டுக் கிளைக் கொம்போடு ஒரு மான் பக்கவாட்டில் நின்றது. நான் சுட்டேன். மான் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு நடந்து போனது. விர்ஜில் என் முகத்தைப் பார்த்தான்.

"விட்றா. நான் சுட்டேன்னு சொல்லிக்கிறேன். என் சட்டை ஏற்கெனவே கந்தல், உன் புதுச் சட்டைய எதுக்குக் கெடுக்கணும்?" என்றான்.

சொன்னபடியே செய்தான். இருபத்தேழு வருடம் வாய் திறக்கவில்லை. அதற்கு நான் நன்றியோடுதான் இருந்தேன். அவன் வீட்டுக் கூரையை இரண்டு முறை காசு வாங்காமல் மாற்றிக் கொடுத்திருக்கிறேன். அவன் மனைவி ஆர்டிஸைக் கேட்டுப் பாருங்கள்.

போன நவம்பரில், பருவத்துக்கு முந்தின நாள், இருவரும் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தோம். இதய டாக்டர் இனிமேல் மலை ஏறக் கூடாது என்று சொல்லிவிட்டதாகவும், இதுதான் தன் கடைசி வருடம் என்றும் விர்ஜில் சொன்னான். வருத்தமாக இருந்தது. பிறகு சொன்னான்:

"நாளைக்குச் சாப்பிடறப்போ அந்த எட்டுக் கொம்பு கதைய அவுத்து விடப்போறேன். சிரிச்சு சிரிச்சு டெல்மருக்கு வயிறு புண்ணாயிரும் பாரு. என் துண்ட நான் கழட்டிக்கிறேன், உன்னோடத நீ குடு."

வேண்டாம் என்று ஒரே ஒரு முறை கேட்டுக்கொண்டேன். அவன் சோப்பு நுரைக் கையால் என் தோளில் தட்டினான்.

"துணிதானடா" என்றான்.

அதற்குமேல் நான் வாதாடவில்லை. வாதாடிப் பயனில்லாத இடத்தில் வாயைக் கொடுப்பது என் குணம் இல்லை.

மறுநாள் காலையில் மதியத்துக்கான ரொட்டியை நான்தான் கட்டினேன். அது எப்போதும் என் வேலை. எல்லாருக்கும் சிவப்புக் கட்டம் போட்ட துணியில் சுற்றினேன். விர்ஜிலுக்கு மட்டும் வெள்ளைத் துணி. சிவப்பு தீர்ந்துவிட்டது என்று உங்களிடம் முதலில் சொன்னேன் அல்லவா, தீரவில்லை. அலமாரியில் இன்னும் நான்கு இருந்தன. மான் காட்டுக்குள் யாரும் வெள்ளைக் கைக்குட்டைகூடக் கொண்டுபோக மாட்டார்கள். ஓடுகிற மான் வாலைத் தூக்கினால் அடிப்பக்கம் வெள்ளை; வெள்ளை அசைந்தால் மான் என்று சுட்டுவிடுவார்கள். சின்னப் பிள்ளைக்கும் இங்கே அது தெரியும்.

மனிதன் என்று தூரத்திலேயே தெரிய, ஆரஞ்சு அங்கியும் தொப்பியும் இல்லாமல் காட்டில் வேட்டையாடக் கூடாது என்பது சட்டம். விர்ஜில் சட்டத்தை மதிக்கிறவன்தான். ஆனால் பதினொன்றரை மணிக்கு, மேட்டில் விழுந்து கிடக்கிற ஓக் மரத்தில்தான் உட்கார்ந்து சாப்பிடுவான். மரம் ஈரமாக இருந்தால் அங்கியைக் கழற்றி மடித்துக் கீழே போட்டுக்கொள்வான். ஜெபம் சொல்லத் தொப்பியையும் எடுத்துவிடுவான். பழுப்புக் கோட்டு, நரைத்த தலை, அவ்வளவுதான். இதை நான் பல வருடமாகப் பார்த்திருக்கிறேன்.

எழுபது கஜ தூரத்தில், இரண்டு மரங்களுக்கு நடுவில் நான் இருந்தேன். துப்பாக்கியின் தொலைநோக்கி வழியாக அவன் உதடு அசைவது தெரிந்தது. ஆமென் சொல்லும்வரை காத்திருந்தேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள். வெள்ளைத் துணியைப் பிரித்து உதறினான். காலர் எலும்புக்கு இரண்டு விரற்கடை கீழே குறி வைத்து விசையை அழுத்தினேன்.

நுரையீரலில் பட்ட மான் நூறு அடியாவது ஓடும். மனிதன் ஓடுவதில்லை. மரத்துக்குப் பின்பக்கமாக மல்லாந்து விழுந்தான். நான் போய்ப் பார்த்தபோது முதுகுப் பக்கம் பனி கரைந்து சிவப்பாகிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் மார்பில் இருந்த ஓட்டையில் குமிழி வந்தது. ரொட்டி இன்னும் கையில்தான் இருந்தது. என்னை அடையாளம் கண்டுகொண்டான்.

"மெர்ல்... குறி தப்பிருச்சாடா?" என்றான். பிறகு, "என் மேலதான் தப்பு. அங்கியக் கழட்டினது நான்தான்னு சொல்லு" என்றான்.

சாகிற நேரத்திலும் அவனுக்கு அந்த எண்ணம்தான் பாருங்கள். எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. பக்கத்தில் மண்டி போட்டு, காதருகே குனிந்து சொன்னேன்: "தப்பல விர்ஜில்."

அவனுக்குப் புரிந்தது என்றுதான் நினைக்கிறேன். கண் அப்படி மாறியது. என் சட்டையை எட்டிப் பிடித்தான், நான் விரல்களைப் பிரித்துவிட்டேன். இருபது நிமிடம் ஆனது. இடுப்பில் போன் இருந்தது. எல்லாம் முடிந்த பிறகுதான் உங்களைக் கூப்பிட்டேன்.

அதற்குப் பிறகு நடந்தது உங்கள் கோப்பிலேயே இருக்கிறது. நாடா பிடித்து அளந்தீர்கள், வெள்ளைத் துணியைப் பையில் போட்டீர்கள். எல்லாரும் என் தோளைத் தொட்டார்கள். அடக்கத்தின்போது ஆர்டிஸ் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, நீங்கள் மனதைப் போட்டு வதைத்துக்கொள்ளக் கூடாது என்று அழுதாள்.

என் வக்கீல் பாக்ஸ்டன் கெட்டிக்காரி. ஒரு சாவுக்குச் சட்டத்தில் பல அறைகள் உண்டு என்று விளக்கினாள். விர்ஜில் என் பக்கம் துப்பாக்கியை நீட்டியிருந்தால் தற்காப்பு. நான் கையை வீசிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். அவன் துப்பாக்கி மரத்தில் சாய்ந்திருந்தது, எனவே அது இல்லை. வேண்டுமென்றே சுட்டால் கொலை. ஆயுள் முழுக்கச் சிறை. மான் என்று நினைத்துச் சுட்டால் கவனக்குறைவு. கொஞ்ச காலச் சிறை, உரிமம் போகும். அரசுத் தரப்பும் கவனக்குறைவுக்கு ஒப்புக்கொண்டுவிட்டது. வருகிற வியாழக்கிழமை நான் நீதிபதி முன்னால் நின்று 'ஆமாம்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்வதாகத்தான் இருந்தேன்.

போன சனிக்கிழமை டெல்மர் முகாமுக்குக் கூப்பிட்டார். மீதி ஏழு பேரும் வந்திருந்தார்கள். சூப்பு கொதித்தது. யாரும் என்னைக் குற்றம் சொல்லவில்லை. டெல்மர் எழுந்து கத்தியை எடுத்தபோதுகூட எனக்கு விளங்கவில்லை.

"மான்னு நெனச்சு மனுஷனச் சுட்டது தப்புலயே பெரிய தப்பு மெர்ல். ஆனா தப்பு யாருக்குத்தான் வராது? விர்ஜில் இருந்தா இதத்தான் செய்யச் சொல்லுவான். திரும்பு" என்றார்.

அவர் கண்ணில் தண்ணீர். என் சட்டையின் வால் அறுபடும் சத்தம் எனக்குக் கேட்டது. பெயர் எழுதினார், வருடம் எழுதினார், விர்ஜிலின் துண்டுகளுக்குப் பக்கத்தில் ஆணி அடித்தார். "இப்பத்தான் நீ எங்கள்ல ஒருத்தன்" என்று கட்டிப்பிடித்தார். எல்லாரும் வரிசையாகக் கட்டிப்பிடித்தார்கள். எனக்கு முதுகில் காற்று அடித்தது. நாற்பத்தெட்டாவது துண்டு.

மூன்று நாள் யோசித்தேன். பொய்யோடு வாழ்வது ஒரு மனிதனுக்கு நல்லதில்லை. மனசாட்சி என்று ஒன்று இருக்கிறது. அதனால்தான் வக்கீலிடம்கூடச் சொல்லாமல் நேரே இங்கே வந்தேன். கவனக்குறைவு என்ற சொல்லை அடித்துவிடுங்கள். விர்ஜில் ஷாங்கைப் பார்த்து, அவன்தான் என்று தெரிந்து, திட்டமிட்டு, குறி வைத்துச் சுட்டேன். பிணப் பரிசோதனைப் படத்தை எடுத்துப் பாருங்கள்: காலர் எலும்புக்கு இரண்டு விரற்கடை கீழே. ஒரு நூல்கூட விலகியிருக்காது.

கையெழுத்துப் போட்டுவிடுகிறேன். ஆனால் அதற்கு முன்னால் யாரையாவது முகாமுக்கு அனுப்பி அந்தத் துண்டைக் கழற்றச் சொல்லுங்கள். 1998 என்று எழுதியிருப்பதையும் சேர்த்துக் கழற்றச் சொல்லுங்கள். அது விர்ஜிலுடையதும் இல்லை, என்னுடையதும் இல்லை. அந்த வருடமும் என் குறி தப்பவில்லை, நடுவில் ஒரு சுள்ளி இருந்தது.