ஜோவின் மறைக்காத வார்த்தைகள்

கிழிந்துபோன வேதாகமத்தைக் குப்பையில் போட எனக்கு மனசு வராது, சார். ஆம்பூரில் எங்கள் சபையில் யாருக்குமே வராது. பழசாகிவிட்டால் ஞாயிறு பள்ளிக்குக் கொண்டுவந்து, பொன்மலர் டீச்சர், இந்தாங்க என்று என் கையில் கொடுத்துவிடுவார்கள்.

அதை வைத்துத்தான் பிள்ளைகளுக்கு அந்தப் படவேலை. அதிலிருந்து ஆளுக்கொரு தாள். உன் மனசில் இருக்கிற நிஜமான வார்த்தையை மட்டும் மறைக்காதே, மற்றதன்மேல் பெயிண்ட் அடி என்பேன். எல்லாரும் அன்பு, ஒளி என்ற வார்த்தைகளை மறைக்காமல் விட்டு, சுற்றிலும் புறா வரைந்தார்கள்.

ஜோவின் என்ற பையனுக்கு, அண்ணன்மார் குழியில் தள்ளிய யோசேப்பின் கதைத் தாள் போனது. ‘குழியிலே’, ‘கெஞ்சி’, ‘கேளாமல்’ என்று மூன்று வார்த்தைகளை மறைக்காமல் விட்டிருந்தான். சுற்றிலும் வெறும் சாம்பல் நிறம்.

அவன் அப்பா ஆபேல், என் கணவர் ஜோனதன் சூப்பர்வைசராக இருக்கும் தோல் பதனிடும் டேனரியில் வேலை செய்தவர். நெஞ்சுவலியில் போய்விட்டார் என்றுதான் ஊருக்குத் தெரியும்.

“இன்னாடா இது, ஒரு பூ கூட இல்ல?”

“அப்பாவுக்கு சோறு எடுத்துக்கினு போனேன் டீச்சர். தொட்டி உள்ள இருந்து கத்துனாரு. ஜோனதன் அங்கிள் மூடிய போட்டுட்டாரு.”

அன்று அதிகாரிகளின் ஜீப் கேட்டுக்கு வந்துவிட்டது. கழிவுநீர்த் தொட்டிக்குள் ஆளை இறக்கியது தெரிந்தால் டேனரிக்கு சீல் வைப்பார்கள். அத்தனை குடும்பமும் நடுத்தெருவில். கொஞ்ச நேரம் மூடினார், அவ்வளவுதான். அதிலிருந்து பாவம், அவருக்குச் சாப்பாடே இறங்குவதில்லை.

அந்த வார்த்தைகள்மேல் நானே கருப்பு அடித்து, பிள்ளைகளின் படக் கண்காட்சிக்கு மாட்டினேன். கண்காட்சியன்று காலையில் போனால், ஜோவின் அதை நகத்தால் சுரண்டிக்கொண்டிருக்கிறான்.

“நெஜமான வார்த்தைய மறைக்கக் கூடாதுன்னு நீங்கதானே டீச்சர் சொன்னீங்க.”

நன்றாகக் கவனிக்கிற பிள்ளை. அப்பா போன இடத்தில் ஜெபம் பண்ணலாம் வா என்றேன். வந்தான். ஞாயிற்றுக்கிழமை டேனரியில் ஆள் கிடையாது. சாவி எங்கள் வீட்டு ஆணியில்தான் தொங்கும். நானே மூடியைத் திறந்தேன். ஓரத்தில் நின்று எட்டிப் பார்த்தான். அந்த இடம் எப்போதும் வழுக்கும்.

டீச்சர், டீச்சர் என்று கூப்பிட்டான். கெஞ்சினான் என்று சொல்ல மாட்டேன்.

கண்காட்சிக்குச் சரியான நேரத்துக்கு வந்துவிட்டேன். அவன் அம்மா ரெனிட்டா அந்தத் தாளுக்கு முன்னால் நின்று, “புள்ள எங்க டீச்சர்?” என்றாள். இங்கேதான் எங்கேயாவது இருப்பான் என்றேன்.

பிள்ளைகள்மேல் கை வைக்கிறவள் இல்லை நான். சபையில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். அவனை நான் தள்ளவில்லை, சார். மூடியை மட்டும்தான் மூடினேன்.