கம்பத்துக் காமிரா

உச்சி வெயில் நேரம். சூலூரைத் தாண்டி, தார் ரோட்டிலிருந்து பிரிந்து தென்னந்தோப்புகளுக்குள் போகும் ஓர் இட்டேரி. இரண்டு பக்கமும் வேலி. ஒரு காக்கை இல்லை, குருவி இல்லை… ஒரே ஒரு பைக் மட்டும் புழுதி கிளப்பிக்கொண்டு போகிறது.

ராத்திரிக் கதைக்குப் பகல் நேரம் எதற்கு என்று முறைக்காதீர்கள், கண்ணுகளா. இருட்டில் வருவது என்றால் விளக்கையாவது போட்டுக்கொள்ளலாம். பட்டப்பகலில் வருவதற்கு என்ன செய்வீர்கள்? கல்யாணப் பெண் நடுவில் வந்து உட்காரட்டும். போர்வை எல்லாருக்கும் எட்டுகிறதா? சரி.

பைக்கில் போனது ரைஹான். என் தோழி யாஸ்மினின் தம்பி. உக்கடத்தில் கண்காணிப்புக் காமிரா மாட்டிக் கொடுக்கும் கடை வைத்திருக்கிறான். இதை யாஸ்மின்தான் என்னிடம் சொன்னாள். அவன் இதைப் பற்றி வாயே திறப்பதில்லை.

அவனைக் கூப்பிட்டது தம்பிதுரை என்ற தோப்புச் சொந்தக்காரர். அவருடைய அப்பா திருமலைசாமிக்கு வயதாகி, நினைவு தப்பிவிட்டது. அன்று காலையிலிருந்து ஆளைக் காணவில்லை. தோப்போ பெரிய தோப்பு. நடுவில் ஓர் உயரமான கம்பம். அதன் உச்சியில் மோட்டார் வைத்த காமிரா. நாலு பக்கமும் திரும்பும். எல்லையில் விழுந்து கிடக்கும் தேங்காயைக்கூடக் கிட்டத்தில் இழுத்துக் காட்டும். ஆனால் அதைத் திருப்புகிற கன்ட்ரோலர் முந்தின நாள் கரண்ட் ஏறிக் கருகிவிட்டது. காமிரா கேட்டைப் பார்த்தபடியே நின்றுபோயிற்று. கேட்டைத் தாண்டி யாரும் போகவில்லை. அப்படியென்றால் பெரியவர் உள்ளேதான் எங்கேயோ… அந்த வெயிலில்.

“அய்யனுக்குத் தண்ணி கேக்கக்கூடத் தெரியாதுங் பாய்,” என்றார் தம்பிதுரை. “ஆளுக சுத்திச் சுத்திப் பாத்துட்டாங்க. குட்டையும் பாத்தாச்சு, இல்லீங். காமிராவத் திருப்பி மட்டும் குடுத்துப்போடுங்க. உசுரோட புடிச்சாப் போதும்.”

குட்டை என்றால் பண்ணைக்குட்டை. போர்த் தண்ணீரைத் தேக்கிவைக்க வெட்டி, கறுப்புப் பிளாஸ்டிக் தாள் விரித்திருப்பார்கள். பாசி பிடித்துவிட்டால் நாய் விழுந்தால்கூட ஏறி வர முடியாது.

ரைஹான் காமிராத் திரை வைத்திருந்த அறைக்குள் போனான். கருகின ஒயர் நாற்றம், கொப்பரை நாற்றம். பையிலிருந்து ஒரு கன்ட்ரோலரை எடுத்து மாட்டினான். நடுவில் குட்டையாக ஒரு கைப்பிடி. அதை எந்தப் பக்கம் சாய்த்தாலும் காமிரா அந்தப் பக்கம் திரும்ப வேண்டும். சாய்த்தான்… அசையவில்லை. காமிராவும் கன்ட்ரோலரும் ஒரே பாஷை பேச வேண்டுமாம். ஒரு கம்பெனி சொல்வது இன்னொன்றுக்குப் புரியாதாம்.

“ஏனுங்ணா, மாட்டுக்கு மூக்கணாங்கயிறு வாங்கறப்ப மூக்கப் பாத்துத்தான வாங்குவீங்க? இத என்ன கம்பெனின்னே பாக்காம வாங்கிட்டீங்களா?”

“வெல கம்மின்னு மச்சான் புடிச்சுக் குடுத்தானுங். இப்ப அவனத் திட்டி என்ன பண்றது. அடுத்ததப் போடுங்க பாய்.”

அடுத்ததைப் போட்டான். பாஷை சேர்ந்தது. காமிராவின் எண்ணைக் கொடுத்தான், எண்ணும் சேர்ந்தது. பச்சை விளக்கு எரிந்தது. கைப்பிடியைத் தொட்டான்.

அசையவில்லை. திரையின் அடியில் ஒரு வரி மட்டும் வந்தது. வேறொருவர் இயக்கிக்கொண்டிருக்கிறார்.

“இன்னொரு கன்ட்ரோலர் எங்கியாச்சும் வெச்சிருக்கீங்களாண்ணா?”

“இல்லீங்.”

“ஃபோன்ல?”

“ஃபோன்ல எனக்குப் பேசறதே பெரிய பாடுங் பாய்.”

ரைஹான் எல்லா ஒயரையும் பிடுங்கி, மறுபடி மாட்டினான். அந்த வரி மறைந்தது. வெளியே, கம்பத்தின் உச்சியில்… க்ர்ர்ர் என்று மோட்டார் முனகியது.

“எதுக்கும் குட்டைய இன்னொருக்காப் பாத்துக்கலாமுங்க,” என்று கைப்பிடியை இடது பக்கம் சாய்த்தான்.

திரை வலது பக்கம் போயிற்று.

தென்னை வரிசை… தென்னை வரிசை… தோப்பின் கடைசி. அங்கே ஒரு வெள்ளை வேட்டி. வெற்று முதுகு. மரத்துக்கு மரம் கை ஊன்றி, மெல்ல நடக்கிறது.

“அய்யன்,” என்றார் தம்பிதுரை. செருப்புக்கூடப் போடவில்லை, ஓடினார். ஆட்கள் பின்னால் ஓடினார்கள். ரைஹானும் ஒரு சொம்புத் தண்ணீரை எடுத்துக்கொண்டு ஓடினான். அறையில் யாருமில்லை.

தோப்பின் கடைசியில்… யாருமில்லை. சொட்டுநீர் விட்ட ஈர மண்ணில் ஒரு காலடி இல்லை. கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தார்கள். போர் மோட்டார் ஓடும் சத்தம் மட்டும். அந்தச் சத்தத்தில் வேறு எதுவும் கேட்காது.

வெகுநேரம் கழித்துத் திரும்பி வரும்போது, தோப்பு வேலைக்கு வரும் ஓர் ஆள்காரிதான் பார்த்தாள். குட்டையில் வேட்டி மிதந்தது.

பயப்படாதே கண்ணு, கையைக் கொடு. இன்னும் கொஞ்சம்தான்.

சாயங்காலம், உறவெல்லாம் வாசலில் கூடியிருக்க, தம்பிதுரை ரைஹானை உள்ளே கூட்டிப்போய்ப் பதிவைப் போடச் சொன்னார். போட்டான்.

காமிரா வலது பக்கம் திரும்பவே இல்லை. அவன் சாய்த்தபடி இடது பக்கம்தான் திரும்பியிருந்தது. குட்டை. மோட்டார் அறைக்குப் பின்னாலிருந்து பெரியவர் வருகிறார். தண்ணீர் குடிக்கக் குனிகிறார். சறுக்குகிறார். பிளாஸ்டிக் தாளில் நகத்தை ஊன்றி ஏறுகிறார்… வழுக்குகிறார். ஏறுகிறார்… வழுக்குகிறார். வாய் திறந்து திறந்து மூடுகிறது. பதிவில் சத்தம் கிடையாது. காமிராவைப் பார்த்துவிட்டார், அதை நோக்கிக் கையைத் தூக்குகிறார். இவர்கள் தோப்பின் கடைசியில் தேடிய நேரம் முழுக்க… கையைத் தூக்கிக்கொண்டே இருக்கிறார்.

அப்புறம் படம் தானாகக் கிட்டத்தில் போக ஆரம்பித்தது.

மெதுவாக. முதலில் கைகள். பிறகு முகம். ஒருமுறை மங்கி, தெளிந்தது. இன்னும் கிட்டே. கண்ணும் மூக்கும் மட்டும் திரையை அடைத்துக்கொள்ளும்வரை. அங்கேயே நின்றது. எல்லாம் முடிகிறவரை அசையவில்லை.

ரைஹான் படத்தை நிறுத்தினான். “யாருங்ணா இத ஓட்டினது?”

தம்பிதுரை திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவருடைய அம்மா சாந்தாமணி செத்து மூன்று வருடம்.

“எங்கம்மாளுக்கு ரெண்டு கண்ணுலயும் பொரைங் பாய்,” என்றார். “அய்யன் கடைசி வரைக்கும் ஆபரேசனுக்கு உடலீங். எதையும் மூஞ்சிகிட்டக் கொண்டாந்து வெச்சுத்தான் பாக்கும்.”